மிச்சம் வைத்த மூன்று மாத்திரை

விஜயநகரில் வீட்டுக்கு எதிரிலேயே மருந்துக்கடை. ஆனாலும் உமேஷ் நீர்க்கடுப்புக்கு மாத்திரை வாங்க சொந்த ஊரான கொள்ளேகால் வரைக்கும் பைக்கை விரட்டிக்கொண்டு போனான். கம்பெனி வேலையாக ஹூப்ளி போன இடத்தில் சறுக்கியதன் கூலி அது என்று அவனுக்கே தெரியும். எதிர்க்கடையில் கேட்டால் மானம் கப்பலேறிவிடுமாம். அட புத்திசாலி! கொள்ளேகாலில் கடைக்குக் கடை சொந்தக்காரர்கள்தான். "யாருக்குப்பா?" என்று கேட்டதும், "ஜடையன் மாமாவுக்கு" என்று எழுபது வயது மனுஷன் தலையில் பழியைப் போட்டு, ஐந்து நாள் மாத்திரையோடு திரும்பினான்.

இரண்டு நாளில் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. உடனே ஐயா மாத்திரையை நிறுத்திவிட்டார். மிச்சம் மூன்றும் அலமாரிக்குப் போயின. காசு கொடுத்து வாங்கியதை எறிய மனசு வருமா? பத்தே நாளில் எரிச்சல் முன்னைவிட உக்கிரமாகத் திரும்பியது. வேறு வழியில்லாமல் டாக்டர் பிரதிபாவிடம் போய் நின்றான்.

மூன்றாம் நாள் லேப் ரிப்போர்ட் வந்தது.

"கொனோரியா. உடலுறவுல தொத்துறது. நீங்க போட்ட மாத்திரைக்கு இந்தக் கிருமி இப்பல்லாம் பயப்படறதே இல்ல. ஆளாளுக்குக் கண்டபடி முழுங்கி அதைப் பழக்கி வச்சிருக்கோம். ஊசிக்குத்தான் கேக்கும். மனைவியையும் கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் போடணும்."

ஊசியைப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தான். கல்யாணமாகி நாலு வருஷம். சொன்னால் மீனா அன்றைக்கே ஹனூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்டிவிடுவாள்.

வீட்டுக்கு வந்து, உடம்புச் சூடு, ஹூப்ளித் தண்ணி என்று சுற்றி வளைத்தான். மீனா பாவம், முழுசாக நம்பினாள்.

"எனக்கும் ஒரு வாரமா கடுக்குதுங்க. அலமாரில நீங்க வெச்சிருந்த மூணு மாத்திரையையும் நாந்தானுங்க போட்டேன். ஒண்ணும் கேக்கல."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. "சூடு இல்ல மீனா. நான்தான் கொண்டுவந்து குடுத்துட்டேன்" என்று ஹூப்ளியை ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "கிளம்புங்க" என்றாள்.

அவளுக்கும் ஊசி போட்டுவிட்டு டாக்டர் சொன்னார்: "ஒரு வாரம் ரெண்டு பேரும் தள்ளித் தள்ளிப் படுங்க. அப்புறம் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம்."

மீனா புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கிருமிக்கு ஒரு வாரம் போதுமுங்களா டாக்டர்? சரிங்க. இவருக்கு எத்தனை வாரம்னு நான் சொல்லிக்கிறனுங்க."