தாயின் பெயர்: மேரி ரிவர்ஸ்

1

இந்தக் கதையை எழுதக் காரணம் என் கர்வம். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மெக்சிகோக் கடற்கரை ஊரான புந்தா கார்சாவில், நோட்டரி அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாகக் கோப்பு தயாரிக்கிறேன். என் கையிலிருந்து போன ஒன்றைக்கூட எந்த வங்கியும் திருப்பி அனுப்பியதில்லை. நான் எழுதுகிற பத்திரங்களில் நோட்டரியின் கையெழுத்துதான் இருக்கும். நோயெலியா வெர்துஸ்கோ என்ற என் பெயரில் வெளிவரும் முதல் பக்கம் இதுதான்.

முதல் முயற்சி: அவர் கதவைத் திறந்தபோது பின்னால் கடல் நீலமாக விரிந்து—

(அடித்துவிட்டேன். எங்கள் வாசலுக்கு எதிரே இருப்பது பஞ்சர் ஒட்டும் கடை.)

இரண்டாம் முயற்சி: டோரிஸ் ஹேகன், வயது அறுபத்திரண்டு, பஞ்சர் கடையைத் தாண்டி வந்து ஒரு பிளாஸ்டிக் பையை என் மேஜைமேல் கவிழ்த்தார். கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோ நகரப் பேருந்தை இருபத்தேழு வருஷம் ஓட்டியவர். ஸ்பானிஷ் முழுக்கப் பயணிகளிடம் கற்றது. எங்கள் ஊர்ப் பெரியவர் தோன் எலெவுத்தேரியோவின் வீட்டை வாங்க வந்திருந்தார்.

2

கடலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் பெயரில் நிலம் எழுத முடியாது. ஒரு வங்கி டிரஸ்டியாக இருந்து பத்திரத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளும். குடியிருப்பதும் விற்பதும் வாரிசுக்கு விடுவதும் வாங்கியவர் உரிமை. அதற்கு வெளியுறவு அமைச்சகத்தின் அனுமதி, வில்லங்கச் சான்று, மதிப்பீட்டு அறிக்கை, வெளிநாட்டுச் சான்றுகளுக்கு அங்கீகாரம் பெற்றவர் செய்த மொழிபெயர்ப்பு…

(வாசகர் இங்கே கொட்டாவி விடலாம். நான் விடமாட்டேன். வில்லங்கச் சான்று சுத்தமாக வரும் நாளில் புதுச் செருப்பு போட்டவள்போல நடப்பேன்.)

பையைக் கிளறினேன். பாஸ்போர்ட்டில் ஹேகன். விவாகரத்துத் தீர்ப்பில் ரிவர்ஸ்.

"ஒரே ஆளுக்கு எதுக்கு செஞோரா ரெண்டு பேரு?"

"ரிவர்ஸ் அம்மா குடுத்தது, ஹேகன் புருஷன் குடுத்தது. அவனத் தொலச்சிட்டேன், பேரு மட்டும் பாஸ்போர்ட்ல ஒட்டிக்கிச்சு, லிசென்சியாதா."

"நான் வக்கீல் இல்ல. வக்கீலுக்கே நான்தான் எழுதிக் குடுக்குறேன்."

"அப்ப வக்கீலுக்கும் மேலன்னு சொல்லுங்க!"

இரண்டும் ஒருவர்தான் என்று காட்ட, பிறப்புச் சான்றைக் கேட்டேன்.

3

தாயின் பெயர்: மேரி ரிவர்ஸ். தாய் பிறந்த இடம்: மெக்சிகோ.

மூன்று தடவை படித்தேன்.

"செஞோரா, உங்கம்மா நம்ம நாட்டுக்காரங்களா?"

டோரிஸ் காலிப் பையை மடித்து வைத்தார். (முதல் வரைவில் இங்கே அவரை அழவைத்திருந்தேன். அது பொய். அவர் அழுகிற ஆள் இல்லை.)

"அதப்பத்திப் பேசவே விடமாட்டா. கோவம் வந்தா மட்டும் ஸ்பானிஷ்ல திட்டுவா. அவ வேல செஞ்ச திராட்சத் தோட்டத்துல, காகிதம் இல்லாதவங்களப் புடிக்க போலீஸ் வருமாம், அந்தப் பயத்துலயே பேர மாத்திக்கிட்டா. சாகுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி 'புந்தா கார்சா'ன்னு ஒரே ஒரு தடவ சொன்னா. அதான் வந்தேன்."

"அவங்க இங்க பொறந்தவங்கன்னா நீங்களும் இந்த நாட்டுக்காரங்க. டிரஸ்ட்டே வேணாம்."

பதிவாளர் அலுவலகத்தில் நான்கு நாள் தேடினேன். மரியா ரியோஸ் பெராசா, 1938, இதே ஊர், தகப்பன் மீனவர். (இவ்வளவு சுலபமாகக் கிடைக்குமா என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள். நானும் பட்டேன். ஆனால் அந்தக் காலத்தில் இங்கே இருந்ததே இருநூறு வீடு. பிறப்புப் பதிவுக்கு ஒரே புத்தகம்.)

ரியோஸ் என்றாலும் ரிவர்ஸ் என்றாலும் ஆறுகள்தான். அது எனக்குப் போதும், அரசாங்கத்துக்குப் போதாது. மேரிதான் மரியா என்று நிரூபிக்க மாதக்கணக்கில் ஆகும், நிராகரித்தாலும் நிராகரிப்பார்கள். டிரஸ்ட் கோப்போ தயார். தோன் எலெவுத்தேரியோ ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நோயெலியா, உன் காகிதம் புள்ள பெத்து முடிக்குற வரைக்கும் நான் இருக்கமாட்டேன் தாயி. ஹோட்டல்காரன் எடத்தக் கேட்டு தெனமும் வந்து என் மாமரத்த அளக்குறான். மூட்டுவலி தாங்கல, மக தெப்பிக் டவுன்ல காத்துக்கிட்டிருக்கா. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பேன்."

அவர் போனதும் டோரிஸ் டிரஸ்ட் கோப்பையும் குடியுரிமைக் கோப்பையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எங்கம்மா சாகுற வரைக்கும் தன்னையே இல்லன்னு சொல்லிக்கிட்டா. இப்ப நானும் 'வெளிநாட்டுக்காரி'ன்னு கையெழுத்துப் போடணுமா?"

டிரஸ்ட் கோப்பை அவர் பக்கம் தள்ளினேன்.

"வீட்ட விட்டுடாதீங்க செஞோரா. ரெண்டாவது கோப்ப நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

4

வெள்ளிக்கிழமை. பத்திரத்தை முழுக்க உரக்க வாசித்தாக வேண்டும், அது சட்டம். நோட்டரி வழக்கம்போல வேகமாக வாசித்தார். பதினோராம் பிரிவு:

"இச்சொத்தின் உரிமைகளைப் பொறுத்தவரை, பயனாளி தம்மை மெக்சிகோ நாட்டவராகவே கருத ஒப்புக்கொள்கிறார். இதுகுறித்துத் தம் அரசின் பாதுகாப்பைக் கோரமாட்டார்."

வெளிநாட்டவர் எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கடந்து போகும் வரி. டோரிஸ் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. அதத் திரும்ப வாசிங்க."

நோட்டரி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். வாசித்தார்.

"இன்னும் சத்தமா, ஐயா. பின்சீட்டுக்குக் கேக்கணும்."

மூன்றாம் முறை எங்கள் கிழ நோட்டரி எழுந்து நின்றே வாசித்தார். எதிர்க்கடையில் டயர் தட்டும் சத்தம்கூட நின்றது. (இது மிகையா என்று யோசித்தேன். இல்லை, நின்றது.)

தோன் எலெவுத்தேரியோ ஊன்றுகோலால் தரையில் தட்டினார். "பாத்தியா! வெளிநாட்டுக்காரின்னு கையெழுத்துப் போட வந்தவள உள்ளூர்க்காரி ஆக்கிட்டானுங்க!"

"இந்த வீட்டு அளவுக்குத்தான், தோன் எலெவுத்தேரியோ" என்றேன்.

"வீடு போதும்மா. நான் எழுவது வருஷமா அந்த வீட்டு அளவுக்குத்தான் இருந்தேன்."

டோரிஸ் ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாக, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கையெழுத்திட்டார். அந்தப் பிரிவை நானே நூற்றுக்கணக்கான தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். ஒரு தடவைகூட அது என் காதில் விழுந்ததில்லை. அன்று அதை எழுதிய கை என்னுடையது என்று பஞ்சர் கடைக்காரரிடம்கூடப் போய்ச் சொன்னேன்.

5

இரண்டாவது கோப்பையும் அனுப்பிவிட்டோம், நாற்பத்து மூன்று பக்கம். பதில் வரவில்லை.

முடிவு அ: ஏற்றுக்கொண்டார்கள், டோரிஸ் டிரஸ்டை ரத்து செய்து சொந்தப் பெயரில்—

முடிவு ஆ: ஆதாரம் போதாது என்று ஒரு கடிதம்—

"வேணாம்னு எழுதிட்டா என்ன பண்ணுவீங்க, தோன்யா டோரிஸ்?" என்று, உள்ளூர்ப் பெரியவளைக் கூப்பிடுவதுபோல, நேற்றுக் கேட்டேன்.

"திரும்பப் போடுவோம். அம்மா பேரு ஒரு ஆபீஸ்லயாவது ஒழுங்கா இருக்கணும்ல?"

எனக்குத் தெரியாத எதையும் நான் பத்திரத்தில் எழுதியதில்லை. இங்கேயும் எழுதமாட்டேன். கீழே ஒரு வரி காலியாக விடுகிறேன், நீங்கள் நிரப்புங்கள். தெளிவான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

தாயின் பெயர்: ____________