முதல் ஐவரில் ஒருத்தி

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் செல்வியை என்ன செய்வதென்று முடிவெடுத்தாக வேண்டும் என்றார் மேலாளர் ஹரிஷ். செல்வி, அவர்கள் பெங்களூரில் உருவாக்கிக்கொண்டிருந்த தெருக் கால்பந்து கைபேசி விளையாட்டில் ஒரு பாத்திரம். விளையாட்டைத் திறந்ததும் கண்ணில் படும் ஐந்து ஆட்டக்காரர்களில் ஒருத்தி. கறுத்த நிறம், கிழிந்த பாவாடை, வெறுங்கால். அவளை உருவாக்கியவள் டோரீன்.

முன்னோட்டம் வெளியாகிப் பத்து நாள் ஆகியிருந்தது. அதன் கீழே இரண்டு கட்சிகள் அடித்துக்கொண்டிருந்தன. “பந்தாட்டத்திலும் கோட்டாவா? யார் கேட்டார்கள் இவளை?” என்றது ஒன்று. “கடைசியில் எங்கள் தெருவின் முகம் வந்தேவிட்டது” என்று கண்ணீர் விட்டது இன்னொன்று. டோரீன் வசவுகளை அலுவலகத்தில் படித்தாள். பாராட்டுகளை மர்பி டவுனில் இருந்த வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் படித்தாள்.

“நான் உங்களுக்கு எதிரி இல்ல டோரீன்” என்றார் ஹரிஷ். அவர் கண்கள் சிவந்திருந்தன. “முதலீடு போட்டவங்க பயப்படறாங்க. முதல்லயே காட்ட வேணாம், இருபதாவது லெவல்ல திறக்கற மாதிரி வெச்சுக்கலாம்ங்கறாங்க.”

“அதுவரைக்கும் எத்தன பேரு போவாங்க?”

“நூத்துக்கு நாலு பேர்.”

“அப்ப ஒளிச்சு வெக்கறோம்னு சொல்லுங்க.”

“சண்ட போட எனக்கு ஏதாவது குடுங்க. இவள எடுத்து ஆடறாங்கன்னு காட்டுங்க, நான் பேசறேன்.”

டோரீனுக்கு அதில் சந்தேகமே இல்லை. பள்ளித்தோழி ஐரின் நீலசந்திராவில் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தாள். சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் பதினோரு பெண்கள் வியர்வை நாற்றத்தோடு சர்ச் ஹாலில் வந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு கைபேசி. இப்படிப்பட்ட சோதனைக்கு விதி ஒன்றுதான்: பின்னால் நின்று பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது.

முதல் ஆட்டத்தில் செல்வியை ஒருத்தியும் தொடவில்லை. எல்லோரும் ஐவரில் இன்னொருத்தியான நீலத் தலைமுடிக்காரியை எடுத்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் ஒருத்தியின் விரல் தவறிச் செல்வி மேல் பட்டது. “அய்யோ, இவ வேணாம்பா!” என்று அவள் அவசரமாக முந்தைய திரைக்குத் திரும்பினாள்.

டோரீன் விதியை மீறினாள். “ஏன் இவள யாருமே எடுக்கல?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “சும்னே அக்கா, சும்மாதான்” என்றாள் ஒருத்தி. வரப்போகும் பதில் நிறத்தைப் பற்றியதாக இருக்குமோ என்று டோரீன் பயந்தாள்.

குழுவின் கேப்டன் சிந்தியாவுக்குப் பதினாலு வயது. “உண்மையச் சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?” என்றாள்.

“மாட்டேன், சொல்லு.”

“ஷூ எங்க அக்கா? எங்க கிரவுண்டுல வெறுங்கால்ல எறங்குனா அஞ்சு நிமிசத்துல கண்ணாடி குத்தி ஆஸ்பத்திரிதான்.”

சிரிப்பு கிளம்பியதும் மற்றவர்களுக்கும் வாய் வந்தது.

“பாவாட வேற! பாவாட கட்டினு எவளாச்சும் டேக்கிள் பண்ணுவாளா?”

“மூஞ்சப் பாரு. கோல் போட்டாலும் அழுவுறா!”

சிந்தியா மட்டும் சிரிக்கவில்லை. திரையில் செல்வியின் படத்துக்குக் கீழே இருந்த எண்களைக் காட்டினாள். “வேகம் தொண்ணூறு. மூளை முப்பது. ஏன் அக்கா, எங்களுக்கு ஓட மட்டும்தான் வருமா?”

அந்த முப்பதை டோரீன்தான் போட்டிருந்தாள். போட்டபோது அதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை.

“கலரு?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“கலருக்கு இன்னா? என் கலருதான்” என்றாள் சிந்தியா, அது ஒரு கேள்வியா என்பதுபோல.

அன்று டோரீன் நடந்தே வீட்டுக்குப் போனாள். அவள் வளர்ந்த தெருவில் கிழிந்த பாவாடையோடு பந்தாடிய பெண்ணை ஒருநாளும் பார்த்ததில்லை. அழுக்கு முகமும் பெரிய கண்களுமாக அந்தச் சிறுமி நன்கொடை கேட்கும் துண்டறிக்கைகளிலிருந்துதான் வந்திருந்தாள். திட்டியவர்கள் மீதிருந்த கோபத்தில் டோரீன் அவளை ஒருமுறைகூட உற்றுப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஹரிஷிடம் மறைக்காமல் சொன்னாள். “பதினோரு பேர்ல ஒருத்திகூட எடுக்கல.”

“இத மேல அனுப்பினா அவ்ளோதான்.”

“அனுப்புங்க. அவங்க சொன்னதையும் சேத்து அனுப்புங்க. தப்பு என்னுது, செல்வியோடது இல்ல. வியாழக்கிழம வரைக்கும் டைம் குடுங்க.”

ஹரிஷ் அவள் எழுதி வந்த தாளைப் படித்தார். “கோல் போட்டாலும் அழுவுறா” என்ற இடத்தில் சிரித்துவிட்டார். பிறகு தயங்கினார். “நிறத்த மட்டும் கொஞ்சம்...”

“மாட்டேன்.”

“மேல கேப்பாங்க. அதான் கேட்டேன்” என்றார். “வியாழக்கிழம.”

செல்விக்கு பூட்ஸ் வந்தது, அரைக்கால் சட்டை வந்தது, எதிராளியை வம்புக்கிழுக்கும் ஒரு பார்வையும் வந்தது. வேகம் எழுபத்தைந்து, மூளை எழுபத்தெட்டு. வியாழன் மாலை பதினோரு பேரில் ஆறு பேர் அவளை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ஹரிஷ் இரண்டு மணி நேரம் தொலைபேசியில் மன்றாடினார். செல்வி முதல் ஐவரில் நின்றாள்.

புதிய முன்னோட்டத்தின் கீழே பழைய வசவுகள் ஒரு எழுத்துக்கூட மாறாமல் வந்து விழுந்தன. பாராட்டியவர்களில் சிலருக்கும் இப்போது கோபம். “வறுமையைக் கழுவித் துடைத்துவிட்டார்கள். உண்மையான செல்வி எங்கே?” என்று ஒருவர் பத்தி பத்தியாக எழுதியிருந்தார். டோரீன் அவருக்குப் பதில் அடிக்க ஆரம்பித்தபோது கைபேசி ஒலித்தது. சோதனைப் பதிப்பை இன்னும் ஆடிக்கொண்டிருந்த சிந்தியா.

“அக்கா, உங்க செல்வி சுத்த தண்டம்! லெஃப்ட் கால்ல அடிச்சா பந்து வானத்துக்குப் போவுது. மூணு மேட்ச் தோத்துட்டேன் அவளால.”

“வேற ஆள எடுத்து ஆடு.”

“அதெல்லாம் முடியாது. அவளச் சரி பண்ணுங்க நீங்க.”

டோரீன் எழுதிய பதிலை அழித்துவிட்டு, மறுநாள் வேலைகளின் பட்டியலில் முதல் வரியாக ‘இடது கால்’ என்று சேர்த்தாள்.