பிரெஞ்சு பேசும் மருமகள்

“உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரிகிறதே மேடம், பில் அதில் வந்தால் என்ன?”

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஷர்மினி பிரெஞ்சில் அப்படிக் கேட்டுவிட்டாள். தொலைபேசியின் மறுமுனையில், மொன்றியாலில், அந்தப் பெண்மணி சிரித்தாள்.

“நன்றாகத் தெரியும். தெரிந்த குற்றத்துக்காக என் மொழியை விட்டுக்கொடுக்க வேண்டுமா? இது என் ஊர், பெண்ணே. பிரெஞ்சில் அனுப்பு.”

அதன்பிறகு ஷர்மினி யாரையும் அப்படிக் கேட்டதில்லை. பினாங்கின் பாயான் பாருவில், வாடிக்கையாளர் சேவை அலுவலகத்தில் உட்கார்ந்து, “நிச்சயமாக மேடம், அது உங்கள் உரிமை” என்று வேலை நேரம் முழுவதும் பிரெஞ்சில் சொல்கிறாள். மொன்றியாலில் கடைப் பலகையில் இங்கிலீஷ் இருக்கலாம். ஆனால் பிரெஞ்சுதான் எடுப்பாகத் தெரிய வேண்டும், சட்டமே அப்படி. முதலில் வீம்பு என்று நினைத்தாள். பிறகு பொறாமையாக இருந்தது.

இன்று சூலியா தெருவில், மீரா சாகிப்பின் அச்சுக் கடையில், அவளுடைய கல்யாணக் கார்டின் மாதிரி மேசைமேல் இருந்தது. முழுக்க இங்கிலீஷ். அவள் அப்பா தங்கராஜு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தமிழ்ப் பேப்பரை வரி விடாமல் படிப்பார்; இங்கிலீஷ் வராது. வளைந்து நெளிந்த தங்க எழுத்துகளுக்குள் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

“புடிச்சிருக்கா அண்ணே?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா ருக்குமணி.

“தாள் நல்லா கனமா இருக்கும்மா.”

“கொஞ்சம் தமிழும் போடலாமேம்மா?” என்றார் மீரா சாகிப்.

“யாருலா படிக்கப் போறா? பாதிப் பேரு ஆபீஸ் ஆளுங்க. மேல பிள்ளையார் சுழி போதும்,” என்றாள் ருக்குமணி.

“ஷர்மினிக்கு மட்டும் ஃப்ரெஞ்ச்ல அடிங்க அண்ணே,” என்றான் மாப்பிள்ளை லோகேஸ்வரன். “தூக்கத்துலயும் அதான் பேசுவா போல.”

“கிண்டல் பண்ணாதடா. பினாங்குல எத்தன பேருக்கு ஃப்ரெஞ்ச் பேசுற மருமக இருக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். நிச்சயதார்த்தத்திலிருந்தே ஷர்மினி கேட்க நினைத்த ஒன்று இருந்தது. வீட்டுக்குள் வருமுன்பே வாய் நீளம் என்பார்களோ என்று ஒவ்வொரு முறையும் விழுங்கிவிட்டாள். ஊர்பேர் தெரியாதவர்களுக்கு அவர்கள் உரிமையை அவர்கள் மொழியிலேயே சொல்லத் தெரிந்த வாய்தான்.

“அப்ப பிரிண்டுக்கு அனுப்பிரவா?” மீரா சாகிப் கார்டை எடுக்கக் கை நீட்டினார்.

ஷர்மினி அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

“நில்லுங்க அண்ணே.” ருக்குமணியை நேராகப் பார்த்தாள். “அத்தே, எங்கப்பா தன் மக கல்யாணக் கார்ட அவரே படிக்கணும். தமிழ் மேல வரணும், முழுசா. இங்கிலீஷ் கீழ இருக்கட்டும்.”

லோகேஸ்வரனின் சிரிப்பு நின்றது. தங்கராஜு சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து, துடைத்து, மெதுவாகப் போட்டுக்கொண்டார்.