படத்தில் இல்லாத ஒரு துளி

அந்தக் கம்பெனியில் ஒரு காலத்தில் ஆறு பேர் இருந்தார்கள். இப்போது இரண்டு பேர். மற்ற நாலு பேரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, காத்திருந்து அலுத்துப் போனார்கள். ஒரு சின்னப் பெட்டிக்கு ஒப்புதல் முத்திரை வாங்க ஆறு வருஷம் ஆகும் என்றால் எந்த இன்ஜினீயர்தான் பொறுமையாக உட்கார்ந்திருப்பான்?

மிஞ்சியவர்களில் ஒருவர் முதலாளி. முன்பு விமானம் ஓட்டியவர், அதனால் எல்லாருக்கும் கேப்டன். இன்னொருத்தி ஈயக்கா. ஈயத்தை உருக்கி வயர்களைப் பொருத்துகிறவள் என்பதால் அந்த இன்ஜினீயர்கள் வைத்துவிட்டுப் போன பெயர். வயது ஐம்பத்து மூன்று. கணவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். மகள் கடல் கடந்து குடித்தனம் நடத்துகிறாள், ஞாயிற்றுக்கிழமை போனில் பத்து நிமிஷம் பேசுவாள். மற்ற நாட்களில் ஈயக்காவோடு பேசுகிற ஒரே ஜீவன் கேப்டன்தான். அவரும் பாதி நேரம் திட்டத்தான் வாயைத் திறப்பார். அவளை அல்ல, ஒப்புதல் அலுவலகத்தை.

அப்படி என்ன பெரிய பெட்டி என்று கேட்பீர்கள். சோப்பு டப்பா அளவுதான். சின்ன விமானத்தில் இன்ஜின் புகை உள்ளே கசிந்தால், அதில் இருக்கிற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது. ஓட்டுகிறவர் கொட்டாவி விட்டபடியே தூங்கிப் போவார். அதற்கு முன்னால் இந்தப் பெட்டி கத்தும். தன் விமானத்தைத் தானே கட்டிப் பறக்கிற கிறுக்கர்கள் முந்நூறு பேர் இதை மாட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு முத்திரை தேவையில்லை. இதுவரை ஒரு பெட்டிகூடப் பழுதாகித் திரும்பவில்லை. ஆனால் பிள்ளைகள் பறக்கப் பழகுகிற பள்ளி விமானத்தில் மாட்ட முத்திரை வேண்டும். முத்திரை வாங்குகிற செலவையும் பெட்டியின் தலையில் ஏற்றினால், இஸ்திரிப் பெட்டி விலைக்கு விற்கிற சாமான் மோட்டார் சைக்கிள் விலைக்குப் போய்விடும். இதற்குள் வாயுவை இன்னும் சீக்கிரம் மோப்பம் பிடிக்கிற புது உறுப்பு சந்தைக்கு வந்துவிட்டது. அதை மாட்டலாமா? தாராளமாக மாட்டலாம், ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே பழசையே கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கடைசிச் சோதனை குலுக்கு மேசை. ஆய்வகத்தில் பெட்டியை அதில் இறுக்கி மூன்று நாள் உலுக்கி எடுத்தார்கள். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை ஒப்புதல் அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும்: 'வரைபடத்தில் உள்ளபடியே, கூட்டாமல் குறைக்காமல் செய்தேன்.'

கேப்டன் பேனாவை நீட்டினார். ஈயக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஏழாவது வயரில் அவள் விரல் நின்றுவிட்டது. அந்த வயரின் அடியில் ஒரு துளி பசை வைப்பது அவள் வழக்கம். யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இழுத்துப் பார்த்தபோது, நாளாக நாளாகத் தளர்ந்துவிடும் என்று பட்டது, வைத்தாள். முந்நூறு பெட்டியிலும் வைத்தாள். பசைக்கு நிறமில்லை. வரைபடம் போட்ட இன்ஜினீயரின் கண்ணில் அது படவே இல்லை.

கையெழுத்துப் போட்டால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. இனி செய்கிற பெட்டிகளிலும் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டே போகலாம். ஆனால் அவள் கண்ணுக்கு இன்னும் எத்தனை வருஷம் ஊசி முனை தெரியும்? அடுத்து வருகிறவர் படத்தைப் பார்த்துத்தானே செய்வார்? சொல்லிவிட்டாலோ, படத்தை மாற்ற வேண்டும், பசை தீப்பிடிக்குமா என்று பார்க்க வேண்டும், மறுபடியும் குலுக்கிக் காட்ட வேண்டும், அந்த மேசை அடுத்துக் கிடைக்கப் பதினாலு மாதம் ஆகும். கேப்டன் ஏற்கெனவே காரை விற்றுவிட்டார். கம்பெனியை மூட வேண்டியதுதான். சம்பளம் போவதைக்கூட அவள் பெரிதாக நினைக்கவில்லை. காலையில் எழுந்து போக ஓர் இடம் இல்லாமல் போய்விடுமே என்றுதான் பயந்தாள்.

"சார், ஏழாம் நம்பர்ல நான் ஒரு துளி பசை வைப்பேன். படத்துல அது இல்ல."

கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு நாலு வருஷமா தெரியும், ஈயக்கா. பெட்டியைத் திறந்தா பளபளன்னு ஒரு புள்ளி. நீங்க சொல்லாத வரைக்கும் அது எனக்குத் தெரியாது. இப்ப சொல்லிட்டீங்க. தெரிஞ்சுபோச்சு."

"அது இல்லாம வயர் கழண்டுரும் சார்."

"அதுவும் தெரியும்." பேனாவைச் சட்டைப் பையில் சொருகினார். "அவங்க இந்தக் காகிதத்தை எதுக்குக் கேக்கறாங்கன்னு இன்னிக்குத்தான் புரியுது. அதான் எனக்கு ஆத்திரமா வருது. ஆறு வருஷம் திட்டினதெல்லாம் வீணாப் போச்சு."

ஆய்வகத்துக்கு அவரே போன் போட்டுச் சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "திங்கக்கிழமையிலேர்ந்து வராதீங்க. சம்பளம் குடுக்க வழியில்ல," என்றார்.

அவள் தலையாட்டினாள். வீட்டுக்குப் போனபின்தான் அழுகை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மகளிடம் எதையும் சொல்லவில்லை. கிடைக்கிற பத்து நிமிஷத்தில் அழுது வைப்பானேன் என்று பேத்தியின் பல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வழக்கம்போல் ஐந்தரைக்கு விழிப்பு வந்தது. குளித்தாள், தலை வாரினாள், சாப்பாட்டைக்கூட டப்பாவில் கட்டிவிட்டாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதரைக்குப் போன் அடித்தது.

"ஈயக்கா, புதுப் படம் போட்டுக்கிட்டிருக்கேன். ஒரு துளி பசைன்னு எழுதினா ஒத்துக்க மாட்டாங்களாம். எடை கேக்கறாங்க. ஒரு துளின்னா எவ்வளவு?"

"அதைச் சொல்லத் தெரியாது சார். கைக்குத்தான் தெரியும்."

மறுமுனையில், ஆறு பேர் உட்கார்ந்த அறையில் ஒற்றை ஆள் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது.

"அப்ப அந்தக் கையைக் கூட்டிக்கிட்டு வாங்க. சம்பளம் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்."

"எப்ப வரட்டும் சார்?"

"எப்ப கிளம்ப முடியும்?"

ஈயக்கா குனிந்து பார்த்தாள். காலையிலிருந்து அவள் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.