லோர்னா இன்னும் வேலையில் இருக்கிறாள்

1

நானூற்று இருபத்தாறு நாட்கள். லோர்னா முதியோர் இல்ல வேலையை விட்டு, சூப்பர்மார்க்கெட்டில் பட்டாணிப் பொட்டலம் அடுக்கப் போய் அவ்வளவு நாளாகிறது. அரசாங்கப் பதிவில் மட்டும் அவள் இன்னும் முதியவர்களைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். கதை பிறந்தது அங்கேதான். பட்டாணி வாங்கப் போனபோது அவளே சொன்னாள்: "என்னைப் பத்தி எழுதேன்டி. ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல வேலை பாக்கற அதிசயம் நான்."

2

கதைக்கு முதல் தொடக்கம்: 'அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் மழை...' வேண்டாம். என்றைக்குத்தான் பெய்யவில்லை?

இரண்டாவது: டாம்சின் அந்த இல்லத்தின் அலுவலகப் பெண். மாதாமாதம் ஊழியர் விவரப் படிவத்தைத் திறப்பாள். எத்தனை பேர், யாருக்கு என்ன பயிற்சி. கீழே இரண்டு கட்டங்கள்: இல்லங்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்துடன் பகிரலாம், செலவைத் தரும் உள்ளூர் கவுன்சிலுடன் பகிரலாம். இரண்டிலும் எப்போதும் டிக். அதற்கும் கீழே 'மாற்றம் ஏதுமில்லை' என்று ஒரு பச்சைப் பொத்தான். பெயர் பெயராகத் திறந்து சரிபார்த்தால் ஒரு பிற்பகல் போகும். பொத்தானுக்கு ஐந்து நொடி.

"அழுத்திட்டு வா கண்ணு, டீ ஆறுது" என்பாள் மேலாளர் கிளெனிஸ்.

(பகிர்வது நல்ல ஏற்பாடு. இல்லாவிட்டால் ஒரே பொய்யை இரண்டு அலுவலகங்களும் தனித்தனியாக நம்ப வேண்டியிருக்கும்.)

3

இல்லத்தின் மாடிக்கு இன்னொரு பணியாள் வேண்டுமென்று கவுன்சிலிடம் கேட்டார்கள். கவுன்சில், திரையில் பதிவைப் பார்த்துவிட்டு, அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள், போதும் என்றது. மாடியில் இருந்த ஒரே பணிப்பெண் மார்சியா, ஹெப்வொர்த் என்ற கிழவரைத் தனியாளாகப் படுக்கையிலிருந்து தூக்கினாள். அவர் நழுவி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார்.

விசாரிக்க ஆணையத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். மாடி ஏறவில்லை. மடிக்கணினியைத் திறந்தார்.

"பதிவுல ரெண்டு பேர் இருக்கே. நீங்க ஏன் தனியா தூக்கினீங்க?"

"ரெண்டாவது ஆளைக் காட்டுங்க சார், நானும் பாத்துக்கறேன்" என்றாள் மார்சியா.

"லோர்னா. தூக்கற பயிற்சிகூட முடிச்சிருக்காங்க."

"அவ இப்ப பட்டாணி மூட்டை தூக்கறா."

"போன வாரம்கூட யாரோ பாத்து உறுதி பண்ணியிருக்காங்களே. அது பொய்யா, நீங்க சொல்றது பொய்யா?"

கிளெனிஸ் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "எங்க பதிவு எப்பவும் சுத்தமா இருக்கும் சார். மார்சியா, வாயைக் குறை கண்ணு. வேலை போற விஷயம்."

ஆய்வாளர் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

4

டாம்சின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லா வரைவிலும் இந்த விசாரணை நடக்கும்போது மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறாள். ஒரு முடிவில் தேநீர் போடப் போய்விடுகிறாள். இன்னொன்றில் அழுகிறாள், அது அதைவிடக் கேவலம். மூன்றாவதில் மார்சியாவுக்கு வேலை போகிறது. அடுத்த மாதம் டாம்சின் படிவத்தைத் திறக்கிறாள். மாற்றம் ஏதுமில்லை. பதிவில் மாடிக்கு இரண்டு பேர்.

(இதைத்தான் நல்ல முடிவு என்று நினைத்து இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன். மார்சியாவுக்கு இரண்டு பிள்ளைகள்.)

5

மார்சியாவின் வேலை தப்புமா, ஆய்வாளர் என்ன எழுதுவார், கிளெனிஸ் யார்மேல் பாய்வாள், எல்லாம் உங்களிடம் விடுகிறேன். எனக்கு ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லத்தான் ஒருத்தியைப் படைத்து, பெயர் வைத்து, மூலையில் உட்கார்த்தினேன். அவள் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பாள்? டாம்சின் என்று யாரும் இல்லை. அன்று அந்த மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டு...

பேனாவை மூடினேன். ஆய்வாளரின் தொலைபேசி எண்ணை அழுத்தினேன்.

"சார், மார்சியா சொல்றது நிஜம். லோர்னா போய் பதினாலு மாசமாச்சு. மாசாமாசம் அந்தப் பொத்தானை அழுத்தினது நான்தான்."