தொட்டிக்கு அடியில் மூன்று டப்பாக்கள்

1

கண்ணுகளா, இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், துணிப்பைக்குள் மூன்று சாப்பாட்டு டப்பாக்கள் இருக்கின்றன. மூன்றும் என்னுடையவை இல்லை.

2

"நோய்த்தொற்றுக் காலத்தில் அந்தச் சிறிய தொண்டு அமைப்பு பெரும் சவால்களை..." (செய்தித்தாள் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

"ஓய்வுபெற்ற கடிகார மெக்கானிக் ஒருவர் தனியாக..." (ஆளை மாற்றினால் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். நாலாவது வரியில் அவர் என் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.)

சரி. நான்தான்.

3

அந்த அமைப்பில் மூன்றே பேர்: சமையல்காரர், வேன்காரர், ஃபோன் பேசும் பெண். ஊரடங்கு வந்ததிலிருந்து, தனியாக இருக்கும் நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறார்கள். நாளைக்கு அடுப்பு எரியுமா என்பது அவர்களுக்கே நிச்சயமில்லை. அதனால் "நாளைக்கு வர்றோம்" என்று சொல்லவே மாட்டார்கள். வேன்காரர் கதவைத் தட்டி, "இன்னைக்கு வந்துட்டோம்மா!" என்பார். நான் திறப்பதற்குள் படியிறங்கியிருப்பார்.

கழுவிய டப்பாவை மறுநாள் காலை கதவுப் பிடியில் மாட்ட வேண்டும். அவர் வந்து எடுத்துப்போவார். டப்பா இருந்தால் ஆள் நலம். இல்லாவிட்டால் ஃபோன் வரும்.

4

ஒருநாள் நிஜமாகவே மறந்துபோனேன்.

"அம்மா, டப்பா வெளிய இல்லையாமே? உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்லம்மா, அசந்து தூங்கிட்டேன்."

"அப்பாடா! எனக்குக் கையே ஓடல. இங்க இந்தச் சமையல்காரர் கேக்குறார், 'நேத்து உப்பு ஜாஸ்தியா போட்டுட்டேனோ, அதான் போயிட்டாங்களோ'ன்னு."

சிரித்தேன். அந்தச் சத்தம் யாருடையதோ போலிருந்தது. நாலு நிமிஷம் பேசினாள்.

மறுநாள் நான் மறக்கவில்லை. டப்பாவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முந்தின நாள் மறந்ததோடு சேர்த்துத் தொட்டிக்கு அடியில் வைத்தேன்.

"என்னம்மா, இன்னைக்கும் தூக்கமா?"

"வயசாச்சுல்ல."

ஆறு நிமிஷம்.

5

(சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் சுற்றி வருகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.)

நேற்றும் மாட்டவில்லை. காலையில் ஃபோன் வரவில்லை. மதியம் தாண்டித்தான் வந்தது. அவள் குரலில் விளையாட்டு இல்லை.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. டப்பாங்க உங்ககிட்டதானே இருக்கு? உபரி ரெண்டுதான் வச்சிருந்தோம். இன்னைக்கு ஒண்ணு குறைஞ்சுபோச்சு. கடைசி வீட்டுப் பெரியவருக்குக் கவர்ல கட்டிக் கொடுத்தோம். அவருக்குப் பார்வை சரியில்ல. முடிச்சை அவிழ்க்கத் தெரியாம இழுத்திருக்கார். எல்லாம் தரையில. சத்தம் கேட்டு நாங்க திரும்பிப் போறதுக்குள்ள அதையே கையால வழிச்சு..."

"நான் மாட்டினேனேம்மா," என்றேன். "யாரோ எடுத்துட்டாங்க போல."

"அப்படியா? சரிம்மா. நீங்க கவலைப்படாதீங்க."

நம்பிவிட்டாள்.

6

முடிவு ஒன்று: டப்பாக்களைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, எடுத்தவர்கள் திருப்பி வைத்துவிட்டதாகச் சொல்வது. (கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெரியவர் தரையைத் தடவிக்கொண்டே இருக்கிறார்.)

முடிவு இரண்டு: என்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்வது. எனக்குச் சமைக்கத் தெரியும், கண்ணுகளா. வீட்டில் சாமானும் இருக்கிறது. (அப்புறம் கதவை யார் தட்டுவார்கள்?)

முடிவு மூன்று: எல்லாவற்றையும் கேட்ட பிறகும் அவள்

7

தெருமுனையில் வேன் சத்தம். நேற்றைய டப்பாவோடு சேர்த்து நாலையும் கதவுப் பிடியில் மாட்டப்போகிறேன். இந்தத் தாள்களை மடித்து மேல் டப்பாவுக்குள் வைக்கிறேன்.

ஆக, ஃபோன் பேசும் பெண்ணே, இதை முதலில் படிப்பது நீதான். யாரும் எடுக்கவில்லை, நான்தான் ஒளித்தேன். அந்தப் பெரியவரிடம் சொல்லிவிடு. எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இன்று என் டப்பா வெளியே இருக்கிறது. உங்கள் வழக்கப்படி ஆள் நலம். ஃபோன் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாவது முடிவைப் பாதியில் விட்டிருக்கிறேன், பார். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.