புலி வெட்டிய வாய்க்கால்

பட்டறையில் அவனுக்குப் புலி என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, அவனேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "புரோகிராம் போடறதுல நான் புலிண்ணே" என்று போர்மேனிடம் ஒரு தரம் சொல்லித் தொலைத்தான். அவரும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, மறுநாளிலிருந்து "புலி வந்தாச்சா?" என்று ஆரம்பித்துவிட்டார். இப்போது சம்பளச் சீட்டில் மட்டும்தான் சொந்தப் பெயர் இருக்கிறது.

புலியின் தொழில் இரும்பைத் தொடாத தொழில். பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் எஃகு அச்சுகளை தானே ஓடும் சி.என்.சி. மெஷின் குடையும். அதன் வெட்டுமுனையான கட்டர் எந்த வழியாகப் போய்க் குடைய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வழி போட்டுக் கொடுப்பவன் அவன். ஏ.சி. அறை, சுழல் நாற்காலி, கையில் கறை படாத வாழ்க்கை. அவன் மனைவி சுவருக்கு அந்தப் பக்கம், பாலிஷ் மேசையில். மெஷின் வெட்டி அனுப்பும் அச்சைக் கல்லாலும் எமரித் தாளாலும் தேய்த்து, கடைசியில் வைரத்தூள் கலந்த பேஸ்ட் தடவி, முகம் தெரிகிற மாதிரி ஆக்குவது அவள் வேலை. அவள் கை மாதிரி வராது என்று மற்ற பட்டறைக்காரர்களும் சொல்வார்கள். அந்தப் பெருமையிலும் புலி பாதியைத் தனக்கென்று எடுத்துக்கொள்வான்.

அந்தக் கைக்குத்தான் இப்போது ஆபத்து. வலது மணிக்கட்டு வீங்கி, கட்டைவிரல் மடங்க மறுத்தது. "ரெண்டு மாசம் கைக்கு முழு ஓய்வு. இப்படியே தேய்ச்சுக்கிட்டு இருந்தா அப்புறம் ஸ்பூன்கூடப் பிடிக்க முடியாதும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ, அடுத்து வரப்போகும் ஜக் அச்சை முடித்துவிட்டுத்தான் லீவு என்றாள். தண்ணீர் ஜக்கின் கைப்பிடிக்கான அச்சு அது. எஃகுக் கட்டையில் அரைவட்டமாகக் குடைந்து வளைந்து போகும் ஒரு வாய்க்கால். எதிர்க்கட்டையிலும் அதே மாதிரி ஒன்று. இரண்டையும் சேர்த்து மூடினால் நடுவில் கைப்பிடி.

"வேற யாரு கைய வெச்சாலும் கெட்டுப் போயிடுங்க" என்றாள்.

"நீ தேய்க்கவே வேணாம். துணியால துடைச்சுக் குடுக்கற மாதிரி வெட்டி அனுப்பறேன் பாரு" என்று புலி வாக்குக் கொடுத்தான்.

வாக்குக் கொடுத்த பிறகுதான் யோசித்தான். அவன் வழக்கமே அதுதான். இதுவரை வாய்க்கால்களை எப்படி வெட்டினோம்? குறுக்கே. இந்தக் கரையில் இறங்கி அந்தக் கரையில் ஏறி, அகலமாக இடம் விட்டு விட்டு, கட்டர் தாவிக்கொண்டே போகும். சீக்கிரம் முடிந்துவிடும். மெஷின் நேரத்தை மிச்சம் பிடிப்பதில் புலியை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் வாங்கியதே அப்படித்தான். ஆனால் கட்டர் போன இரண்டு தடங்களுக்கு நடுவில் ஒரு மெல்லிய வரப்பு நிற்கும். குறுகலான வாய்க்காலில் தேய்ப்புக் கல்லை நீளவாக்கில்தான் இழுக்க முடியும். குறுக்கே நிற்கும் ஒவ்வொரு வரப்பிலும் அது இடித்து இடித்துப் போகும். இடிப்பதெல்லாம் மணிக்கட்டில். மெஷினில் மிச்சம் பிடித்த நேரம் மிச்சமாகவே இல்லை, சுவரைத் தாண்டி அவளிடம் போயிருக்கிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். புலி விஷயத்தில் நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் பெண்டாட்டியுடையது. நினைக்க நினைக்க அவனுக்கு உடம்பு கூசியது.

கூசியவன் அத்தோடு நேர் வழிக்கு வந்திருக்கலாம். வாய்க்கால் போகிற போக்கிலேயே, நீளவாக்கில், நெருக்கி நெருக்கி, ஒரே கட்டரை விட்டால் போதும். புதிதாகச் சேர்ந்தவன்கூட அதைத்தான் போடுவான். அதனாலேயே புலிக்கு அது பிடிக்கவில்லை. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது அல்லவா? செங்குத்தான கரைகளுக்கு ஒரு வழி, அடிப்பக்கத்துக்கு வேறு வழி, வளைவுக்கு இன்னொன்று என்று மூன்றைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டர் வைத்துப் பிணைத்தான். திரையில் கைப்பிடி மூன்று கலரில் மின்னியது. எழுந்து கதவு வரை போய், தூரத்திலிருந்தும் ஒரு தடவை ரசித்தான்.

அச்சு வெட்டி வந்தது. பளபளவென்று இருந்தது. "புலி புலிதாம்ப்பா!" என்று போர்மேன் முதுகில் தட்டினார். புலி தானே டிராலியைத் தள்ளிக்கொண்டு மனைவியின் மேசைக்குப் போனான்.

அவள் அச்சைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இடது கை நகத்தை வாய்க்காலுக்குள் வைத்து மெதுவாக இழுத்தாள். நகம் ஓடியது, நின்றது. மறுபடி ஓடியது, மறுபடி நின்றது.

"இங்க ஒரு படி இருக்குங்க. இதோ, இங்கயும். வளைவுலயும் தட்டுது."

"படியா? கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லையே!"

"கம்ப்யூட்டரப் பிடிச்சா தண்ணி ஊத்தப் போறாங்க?"

படிதான். ஒரு கட்டர் விட்ட இடத்தில் அடுத்த கட்டர் தொடங்கியபோது முடியளவு இறங்கியிருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. பாலிஷ் ஏறியதும் கோடாகத் தெரியும். வரப்பென்றால் வரப்பைத் தேய்த்தால் போயிற்று. படியைப் போக்க வாய்க்கால் முழுவதையும் அந்த அளவுக்குத் தேய்த்து இறக்க வேண்டும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அவள் தேய்ப்புக் கல்லை வலது கையில் எடுத்தாள். கட்டைவிரல் கல்லைச் சுற்றி மடங்க முடியாமல் விறைத்து நின்றது. அதைப் பார்த்தபோதுதான் புலிக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"வெச்சிடு. வெச்சிடும்மா" என்று கல்லைப் பிடுங்கிக்கொண்டு போர்மேனிடம் போனான்.

"அண்ணே, நான் போட்ட வழி தப்பு. மறுபடி மெஷின்ல ஏத்தணும். ரெண்டு கட்டையிலயும் கொஞ்சம் ஆழமா, ஒரே கட்டர்ல, நீளவாக்குல ஓட்டிடலாம். கைப்பிடி முடியளவு தடிக்கும். அவ்வளவு கூடினா பரவாயில்ல, அளவு தாங்கும்."

"நேரம்?"

"நாளைக்கு முழுக்க மெஷின் வேணும்ணே."

போர்மேன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "ஏம்ப்பா, இது புதுசா வர்றவன் போடற வழியாச்சே?"

"ஆமாண்ணே. அவன் புலி இல்ல, அதனால சரியாப் போட்டுடுவான்."

பட்டறையே சிரித்தது. புலியும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளலாமென்றால், அவனுக்கு மீசையும் கிடையாது.

மறுநாள் மெஷின் அவசரமில்லாமல் வெட்டியது. அவளுடைய நகம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எங்கேயும் நிற்காமல் ஓடியது. "இப்ப சரி" என்றாள். ஆனால் துணியால் துடைத்தால் போதும் என்று சொன்னது புலியின் வாய். எஃகு அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நைஸ் எமரியும் பேஸ்ட்டும் பாக்கி இருந்தன.

"நான் தேய்க்கறேன். நீ பக்கத்துல உக்காந்து சொல்லு" என்றான்.

"அழுத்தாதீங்க. நீளமா இழுங்க. ஐயோ, பல்லா விளக்கறீங்க?"

அவள் ஒரு நாளில் முடிப்பதைப் புலி அந்த வாரம் பூராவும் தேய்த்தான். ஒவ்வொரு தடவையும் அவள் விளக்கடியில் சாய்த்துப் பார்த்து, "இன்னும் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். புலி என்று கூப்பிட அந்த வாரம் யாருக்கும் மனம் வரவில்லை. அச்சு பட்டறையை விட்டுப் போன அன்று, அவள் லீவு சொல்லிவிட்டு அவனோடு வீட்டுக்கு வந்தாள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் காபித்தூள் பாட்டிலின் மூடி இறுகிக்கொண்டது. இடது கையால் அவள் திணறுவதைப் பார்த்து, "குடு, நான் திறக்கறேன்" என்று வாங்கினான். ஒரு திருகுதான் திருகினான். கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கை வரை சுரீரென்று இழுத்தது. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டான்.

கை வலிக்குதும்மா என்று சொல்ல வாயைத் திறந்தான். இதே சமையலறையில், எத்தனையோ சாயங்காலங்களில், அவள் இதையேதான் சொல்லியிருக்கிறாள். "எனக்கும்தான் மவுஸ் பிடிச்சுப் பிடிச்சு வலிக்குது" என்று அவன் பதில் சொல்லியிருக்கிறான். வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

அவள் அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, இடது கட்டைவிரலால் ஒரே ஓர் இடத்தில் அழுத்தினாள்.

"இங்கதானே?"

அங்கேதான்.